ஒரு கிலோ பொய்

மெர்க்காட்டோ சந்தையில் பேருந்து திரும்பும் மூலையில்
என் கடை. உயரம் ஒரு சாண்கூட இல்லை.
யாரோ கழித்துக்கட்டிய குளியலறைத் தராசு,
அடியில் ஓர் அட்டை, அவ்வளவுதான்.
ஒரு பிர் கொடுத்து ஏறி நின்றால்
நீங்கள் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன்.

வொர்க்நேஹ் வெள்ளிதோறும் வருவான்.
நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி
மிளகாய்த் தெருவைத் தும்மாமல் கடப்பவன்.
அவன் எடை அறுபத்தொன்று.
"இந்த முள் கொஞ்சம் நகரணும்" என்பான்,
முள்ளிடம்தான், என்னிடம் இல்லை.
பொழுது சாய்ந்ததும் ஒரு கொல்லைப்புறத்தில்
லாரியின் பல்சக்கரத்தையும்
எண்ணெய் டின்னில் இறுகிய சிமெண்டையும் தூக்குகிறானாம்.

பெரிய நோன்பு வந்தது.
ஐம்பத்தைந்து நாள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய்
எதுவும் ஊர் நாக்கில் படாது.
கசாப்புக் கடையின் சிவப்பு விளக்கு அணைந்தது.
பெயெனெ கத்திகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு
வேலையில்லாமல் என் பக்கத்தில் வந்து குந்தினான்.
"தின்னாதவனுக்குத் தசையா?
ஈஸ்டருக்குள் மெழுகுத்திரி மாதிரி உருகிடுவான், பார்.
நான் தோற்றால் ஒரு மூட்டைக் கடலை."

எதிர்ச் சந்தில் ஸெனெபெச்சின் அடுப்பு.
கடலைமாவு கொதிக்கும் சட்டியில்
குமிழ் வெடித்து வெடித்து அவள் கை முழுக்கத் தழும்பு.
மூன்று மணிக்கு முதல் கவளம்:
புளித்த தெஃப் அப்பம், அகலம் ஒரு முறம்,
நடுவில் ஷிரோ, ஓரத்தில் செந்நிற மசூர்.
"கடலை ஊமை, தெஃப் செவிடு.
இரண்டையும் ஒரே தட்டில் உட்கார வைத்தால்
எப்படியோ பேசிக்கொள்ளும்" என்பாள்.
அவன் மூன்றாவது அப்பம் கேட்பான்.
பையில் வறுத்த பார்லியும் கடலையும்;
மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே
நொறுக், நொறுக்.
இரவில் ஆளிவிதைத் தண்ணீர், வேகவைத்த மொச்சை.
அதற்குமேல் என்ன நடக்கிறதென்று
அவன் தூக்கத்துக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் வெள்ளி. அறுபத்தொன்று.
மறுபடி ஏறினான். அறுபத்தொன்று.
பெயெனெ சிரிக்கவில்லை, அதுதான் மோசம்;
தோளைத் தட்டிக்கொடுத்தான்.
வொர்க்நேஹ் அன்று கொல்லைப்புறத்துக்குப் போகவில்லை.
ஸெனெபெச்சின் தட்டு பாதியில் திரும்பி வந்தது.

தராசின் முன்புறம் ஒரு சிறு சக்கரம் உண்டு,
பூஜ்ஜியத்தைத் திருத்துவதற்கு.
பதினொரு வருடமாக நான் அதைத் தொட்டதில்லை.
ஆறாம் வெள்ளி அவன் வருவதற்குள்
கட்டைவிரலால் ஒரு கிலோ திருகினேன்.

அறுபத்திரண்டு!
அவன் தெருவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
கீழே இறங்கி முள்ளைத் தொட்டுக் கும்பிட்டான்.
அன்று நான்கு அப்பம்.
மழையில்கூடப் பல்சக்கரம் தூக்கினானாம்.
அவனுக்குப் பின் வந்த எல்லாருக்கும்
மனதுக்குள் ஒன்றைக் கழித்துச் சொன்னேன்.
ஒரு தடித்த மாமிக்கு மறந்துவிட்டேன்;
ஏசியது இன்னும் காதில் இருக்கிறது.
ஏழாம் வெள்ளி அறுபத்துமூன்று.

பெரிய வெள்ளியன்று பொய் சொல்லலாகாது.
கோயிலில் நெற்றி தரையில் பட எழுந்தெழுந்து வணங்கிவிட்டு
இருட்டில் சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன்.
நாளை ஒரு கிலோ குறையும்.
அவன் முகத்தை எங்கே வைத்துப் பார்ப்பேன்?

சனிக்கிழமை. பெயெனெ சட்டைப்பைகளைச் சோதித்தான்,
பெல்ட்டை உருவினான்,
கோலோ பையைக்கூடப் பிடுங்கிக்கொண்டான்.
வொர்க்நேஹ் அரைக்கால்சட்டையோடு ஏறினான்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அறுபத்துமூன்று" என்றான் பெயெனெ.

திறந்து பார்த்தேன்.
முள் அங்கேயே நின்றது, யாரும் பிடிக்காமல்.
நான் இரவல் கொடுத்த கிலோவை
அவன் கடலையில் சம்பாதித்துத் திருப்பிவிட்டிருக்கிறான்,
வாங்கியது தெரியாமலே.

மறுநாள் சிவப்பு விளக்கு எரிந்தது, வாசலில் வரிசை.
பெயெனெ கொடுத்த மூட்டையை
வொர்க்நேஹ் தோளில் ஏற்றிக்கொண்டு
வரிசையைக் குறுக்கே பிளந்து போனான்,
ஸெனெபெச்சின் சந்துப் பக்கம்.